சிலிங் ஆறும் அதன் மலையிடுக்கும்: கெர்லிங் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெர்லிங், கலும்பாங், ராசா, பத்தாங் காலி என்று மலேசியாவின் உலு சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டப்பட்டணங்களில் வாழ்கிற நமக்குக் கிழக்கே பார்த்தால் தித்திவங்சா மலைத்தொடர்தான். செம்பனை வரிசைகளுக்கு மேலே நீலமாக நிற்கும். அந்த மலைக்குள் இருக்கும் சிலிங் ஆற்றைப் பற்றி இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள், கோயில் குழுவினர், விடுமுறைக்கு வரும் உறவுக்காரர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அழகைப் பற்றிய கேள்விகளுக்குச் சுருக்கமாகவும், தண்ணீரைப் பற்றிய கேள்விகளுக்கு நீளமாகவும் பதில் வரும். நாம் குளிப்பது ஆற்றின் அடிப்பகுதியில். ஆபத்து உருவாவது நம் கண்ணுக்கே தெரியாத தலைப்பகுதியில். அந்தத் தலைப்பகுதியை ஒருமுறையாவது மனத்தில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் காலை நனைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிலிங் ஆறு சரியாக எங்கே இருக்கிறது?

கோல குபு பாருவிலிருந்து கேப் என்ற மலைக்கணவாய் வழியாக ரவுப்புக்குப் போகும் 55ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறுங்கள். முதலில் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டின் நீர்த்தேக்கம் வரும். அதன் மேல்முனையில் பெர்த்தாக். அதையும் தாண்டி மலை ஏறினால் சிலிங் ஆறு சிலாங்கூர் ஆற்றில் கலக்கும் பகுதி. சாலையிலிருந்து ஆற்றை ஒட்டி மேலே நடந்தால், ஐந்தாறு இடங்களில் ஆற்றையே கடந்து, சிலிங் அருவிக்குப் போய்ச் சேரலாம். முதன்மை வீழ்ச்சி ஏறத்தாழ 20 மீட்டர் உயரம்.

கெர்லிங்கிலிருந்து வண்டியில் போவது எளிது. கேஎல் என்கிற கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் தஞ்சோங் மாலிம் போகும் கோமுட்டர் ரயிலில் கோல குபு பாருவில் இறங்கலாம். நிலையம் பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது, அங்கிருந்து வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கிற கிராண்ட் கேன்யன் மாதிரியா இது?

இல்லை. அங்கே பாறை அடுக்கடுக்காகப் படிந்தது, நாடு வறண்டது. மழை குறைவு என்பதால் பள்ளத்தாக்கின் சுவர்கள் மெதுவாகத்தான் தேயும். ஆறு மட்டும் கீழே அறுத்துக்கொண்டே போகும். அதனால்தான் சுவர் செங்குத்தாக, மொட்டையாக, வரிவரியாகத் தெரிகிறது.

நம் பக்கம் வேறு. மேற்குக் கரைச் சமவெளியிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 2500 மில்லிமீட்டர் மழை. வெயிலும் ஈரமும் சேர்ந்து பாறையை வேதியியல் முறையில் அரித்து மண்ணாக்குகின்றன. ஆறு கீழே வெட்டும்போதே இரண்டு பக்கச் சரிவுகளும் சரிந்து உள்ளே வருகின்றன. ஆகவே சிலிங் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு ‘வி’ எழுத்து வடிவம்: குறுகலான அடி, செங்குத்தான சரிவு, சரிவு முழுக்கக் காடு. பாறைச் சுவரைப் பார்க்க வேண்டுமானால் அருவியை நெருங்க வேண்டும். அங்கேதான் தண்ணீரின் வேகத்துக்கு முன்னால் மண் நிற்க முடியாமல் போய்க் கல் வெளியே தெரிகிறது.

வறண்ட நாட்டுப் பள்ளத்தாக்கை ஓரத்தில் நின்று மேலிருந்து பார்க்கிறார்கள். நம்முடையதை அடியில் நடந்து கீழிருந்துதான் பார்க்க முடியும். தலைக்கு மேலே ஒரு கீற்று வானம் மட்டும் தெரியும். இந்த ஒரு வேறுபாடு பின்னால் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது முக்கியமாகும்.

அந்த உருண்டைப் பாறைகள் எங்கிருந்து வந்தன?

அவை கருங்கல். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியது. மேலே இருந்த பாறையெல்லாம் காலப்போக்கில் அரிக்கப்பட்டுப் போக, இது வெளியே வந்தது. நாட்டின் முதுகெலும்பாகக் கிடக்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் இந்தக் கல்தான். அதன் மிக உயர்ந்த சிகரம் பேராக்கில் உள்ள கோர்பு மலை, 2183 மீட்டர்.

கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. மழைநீர் அந்த வெடிப்புகளில் இறங்கி, கல்லை விளிம்பிலிருந்து உள்நோக்கித் தின்னும். மூலைகள் முதலில் கரையும். நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சும். ஆக, உருண்டைகளில் பெரும்பகுதி ஆற்றுக்கு வருவதற்கு முன்பே மண்ணுக்குள் உருண்டையானவை. சரிவின் மண் கழுவப்பட்டதும் அவை ஆற்றில் வந்து விழுகின்றன.

கல்லின் மிச்சம் கரடுமுரடான வெள்ளை மணல். அந்த மணலோடு வந்ததுதான் ஈயம், அதாவது வெள்ளீயம். நம் முன்னோர் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே சீனத் தொழிலாளர்களை உலு சிலாங்கூருக்கு இழுத்தது அதுதான்.

ஆறு ஏன் நேராகப் போய்த் திடீரென்று மடங்குகிறது?

வெடிப்புகள்தான் காரணம். தண்ணீர் பலவீனமான கோட்டைத் தேடிப் போகும். வெடிப்பு நேராக இருக்கும் வரை ஆறும் நேர். இன்னொரு வெடிப்பு குறுக்கே வந்தால் ஆறு அங்கே திரும்பும். கல் கெட்டியாக இருக்கும் இடத்தில் லாத்தா என்கிற அருவி, அதன் அடியில் தண்ணீர் குடைந்த லுபோக் என்கிற ஆழக்குழி. மேற்பரப்பு அமைதியாகத் தெரிந்தாலும் அந்தக் குழியில் நீர் சுழலும். நீந்தத் தெரிந்த பையன்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

மலைத்தொடரில் பெரிய பிளவுக்கோடுகளும் இருக்கின்றன. நமக்குத் தெற்கே பகாங்கின் புக்கிட் திங்கியில் 2007 முதல் 2009 வரை சின்னச் சின்ன நில நடுக்கங்கள் பதிவானது நினைவிருக்கும். பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆனால் இந்த மலை முழுக்கச் செத்த பாறை அல்ல என்பதை அது காட்டியது.

நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு சொட்டு மழை இல்லை. பிறகு எப்படித் திடீரென்று வெள்ளம் வந்தது?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. கம்பத்து (மலாய்க் கிராமத்து) ஆட்கள் இதைக் ‘கெப்பாலா ஆயர்’, அதாவது ‘நீரின் தலை’ என்பார்கள். நம் ஆட்களும் அப்படியே சொல்கிறோம். சிலிங் ஆற்றில் உயிர்கள் போயிருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் நிற்கும் இடம் ஒரு பெரிய சரிவுத் தொகுப்பின் வாய். உங்களுக்கு மேலே பல சதுர கிலோமீட்டர் மலைச்சரிவு இருக்கிறது. அதில் விழும் மழை எல்லாம் சின்னச் சின்ன ஓடைகளாக இறங்கி இந்த ஒரே ஆற்றில்தான் சேர வேண்டும். லயத்து வீட்டின் நீண்ட தகரக் கூரையில் விழுகிற மழை முழுவதும் ஒரே பீலியில் கொட்டுகிற மாதிரி. கூரையின் மறுகோடியில் பெய்தாலும் பீலியின் கீழே இருப்பவர்தான் நனைவார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 கன மீட்டர் தண்ணீர். மலையில் ஒரு நல்ல இடிமழை அந்த அளவை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடும். பத்து சதுர கிலோமீட்டர் என்றால் ஐந்து லட்சம் கன மீட்டர். எல்லாமே ஆற்றுக்கு உடனே வந்துவிடாது. காடு கணிசமான பகுதியைக் குடித்துக்கொள்ளும். ஆனால் முந்தின நாளும் மழை பெய்து மண் ஊறியிருந்தால் குடிக்க இடமில்லை. அப்போது வருவதில் பெரும்பங்கு நேரே இறங்கும்.

சமவெளி ஆறு மணிக்கணக்கில் ஏறும். கரையில் நின்று பார்க்க நேரம் இருக்கும். மலை ஆறு அப்படியல்ல. சரிவு செங்குத்து, மண் மெல்லியது, அடியில் கல், ஆற்றுக்குப் பரந்து விரிய இடமே இல்லை. எல்லா ஓடைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் தண்ணீர் சில நிமிடங்களில் முழங்காலிலிருந்து தலைக்கு மேல் ஏறிவிடும்.

சில நேரம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மேலே விழுந்த மரமும் இலைச் சருகும் மண்ணும் ஆற்றை அடைத்துத் தற்காலிக அணை மாதிரி ஆகிவிடும். பின்னால் தண்ணீர் தேங்கும். அடைப்பு உடையும்போது தேங்கியதெல்லாம் ஒரே அலையாக, மரக்கட்டைகளோடு வரும்.

மேலே மழை பெய்வது உங்களுக்குத் தெரியாது. மழைமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும், முகட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுவிடும். உங்களுக்குத் தெரிவதோ பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஒரு கீற்று வானம். அருவியின் இரைச்சலில் இடி கேட்காது.

தண்ணீர் முழங்கால் வரைதானே, ஓடிக் கரையேறிவிட முடியாதா?

வேகத்தை மறந்துவிட்டு ஆழத்தை மட்டும் பார்க்கிறோம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆறு உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடையோ 64 மடங்காகும். ஆற்றியலில் பழைய கணக்கு இது. கீழே கல் உருளும்போது கால் வைக்க இடமே இருக்காது. நன்றாக நீந்தத் தெரிவது இங்கே பெரிய உதவி இல்லை.

எந்த மாதத்தில் போகலாம்?

இதற்குத்தான் நம் ஆட்கள் நான் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

கிழக்குக் கரையில் வெள்ளம் என்றால் டிசம்பர், ஜனவரி. அது வடகிழக்குப் பருவமழை. அந்த நினைவில் நாமும் ஆண்டு இறுதிதான் மழைக்காலம் என்று பேசுகிறோம். ஆனால் மேற்குக் கரையில் மழை இரண்டு முறை உச்சம் தொடுகிறது, இரண்டும் பருவக்காற்று மாறும் காலங்கள்: ஒன்று ஏப்ரல், மே பக்கம், இன்னொன்று அக்டோபர், நவம்பர். அந்த வாரங்களில் காற்று பலமாக ஒரு திசையில் வீசாது. காலையில் வெயில் நிலத்தைச் சுடும், ஈரக்காற்று மலைச்சரிவில் மேலே ஏறும், மதியத்துக்குமேல் இடிமேகம் கட்டிக்கொண்டு கொட்டும்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். தீபாவளி வருவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14ஐ ஒட்டி. அதாவது குடும்பம் கூடி, கறிச் சோறும் பலகாரமும் கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பும் நம்முடைய இரண்டு பெரிய பண்டிகைகளும் மலையில் இடிமழை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் விழுகின்றன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பண்டிகை பிறந்த நாட்டின் பருவம் வேறு, நாம் குடியேறிய நாட்டின் பருவம் வேறு. தீபாவளிக்கு மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மலை ஆற்றில் குழந்தைகளை இறக்குவதை விட மோசமான நேரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தயவுசெய்து அந்த விடுமுறையில் வேறு இடம் பாருங்கள்.

ஒப்பிட்டால் ஜனவரி கடைசி, பிப்ரவரி, அதாவது தைப்பூசம் முடிந்த வாரங்களும், ஜூன், ஜூலையும் இந்தப் பக்கம் மழை குறைந்தவை. குறைந்தவை என்றுதான் சொல்கிறேன். மழையே பெய்யாத மாதம் தித்திவங்சாவில் கிடையாது.

எந்த மாதமானாலும் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். கிளம்பும் முன் வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியில் உலு சிலாங்கூர் மட்டும் பார்க்காமல் முகட்டுக்கு அந்தப்பக்கம் உள்ள ரவுப்பையும் பாருங்கள். ராடார் படமும் இருக்கும். முந்தின இரண்டு நாள் மழை பெய்திருந்தால் இன்றைக்கு வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் போக வேண்டாம்.

வெள்ளம் வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

சில அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் தேத்தண்ணி நிறமாகக் கலங்குவது. இலை, சுள்ளி, நுரை திடீரென்று அதிகமாக மிதந்து வருவது. மேற்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றும் மண் வாசமும். லாரி வருகிற மாதிரி ஓர் உறுமல். அப்புறம், யாரும் ஆபத்தென்று நினைக்காத ஒன்று: தண்ணீர் காரணமில்லாமல் சட்டென்று குறைவது. மேலே எங்கோ அடைத்துக்கொண்டது என்று அதற்குப் பொருள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பேசிக்கொண்டு நிற்காமல் ஏறிவிடுங்கள். ஆற்றோடு சேர்ந்து கீழே ஓடக் கூடாது, பக்கவாட்டில் சரிவில் ஏற வேண்டும். பையும் போனும் சட்டியும் போகட்டும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உயரமாக ஓரிடத்தில் உட்காருங்கள். மலை வெள்ளம் வந்த வேகத்திலேயே வடியவும் செய்யும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். பல தடவை உயிர் போவது வெள்ளம் வந்தபோது அல்ல, ‘வண்டி அந்தப்பக்கம் இருக்கிறது’ என்று பாதியில் கடக்கப் பார்த்தபோதுதான். 999 அழைத்தால் பொம்பா என்கிற தீயணைப்பு மீட்புப் படை வரும், ஆனால் பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆற்றைக் கடக்கும்போது எப்படி நடக்க வேண்டும்?

அகலமான, சலசலக்கும் இடத்தில் கடக்கவும். குறுகலான இடத்தில் ஆழம் அதிகம். நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள், ஒரு கால் நன்றாகப் பதிந்த பிறகு மறு கால். பையின் இடுப்புவாரைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். ரப்பர்ச் செருப்பு வேண்டாம். தோட்டத்தில் போடும் ரப்பர்க் காலணி பாசிக் கல்லில் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு.

அணைக்கட்டு இருக்கிறதே, அது வெள்ளத்தைத் தடுக்காதா?

சிலிங் ஆறு அணைக்கு மேலே இருக்கிறது. அணை அதற்குக் கீழே வருவதைத்தான் பிடிக்கும். சிலிங்கில் குளிப்பவருக்கு அணையால் பாதுகாப்பும் இல்லை, அணைத் தண்ணீர் திறப்பதால் ஆபத்தும் இல்லை.

1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கு தண்ணீருக்குத் தவித்தது. அந்த நெருக்கடிக்குப் பிறகு எழுந்ததுதான் இந்த அணை. கற்களை நிரப்பிக் கட்டியது, ஏறத்தாழ 110 மீட்டர் உயரம், சுமார் 23 கோடி கன மீட்டர் கொள்ளளவு. வறண்ட வாரங்களில் இங்கிருந்து திறக்கும் நீர் ஆற்றோடு கீழே போய், அங்கே எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு கேஎல் வீடுகளுக்குப் போகிறது. சிலாங்கூருக்கும் கேஎல்லுக்கும் வரும் குழாய்நீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றை நம்பியே இருக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஒரு துணையாற்றில் கலந்த மாசினால் சுத்திகரிப்பு ஆலைகள் நின்று, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது.

ஆறு சுமார் 110 கிலோமீட்டர் ஓடி கோல சிலாங்கூரில் கடலில் சேர்கிறது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மினுக்குகின்றனவே, அவை வாழ்வதும் இதே ஆற்றின் கரையில்தான். மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் உப்புநீர் உள்ளே ஏறும். மரமும் பூச்சியும் பாதிக்கப்படும்.

பழைய கோல குபு வெள்ளத்தில் அழிந்தது உண்மையா?

உண்மை. இரண்டு தனித்தனிக் கதைகளை ஒன்றாகக் கலந்து சொல்கிறார்கள், அதனால் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது 1883 அக்டோபர் 29. பட்டணத்துக்கு மேலே மண்ணும் மரமும் கொண்டு கட்டிய பழைய அணை உடைந்து ஊருக்குள் பாய்ந்தது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். அந்த இடம் இன்றைக்கும் அம்பாங் பெச்சா என்ற பெயரோடு இருக்கிறது. வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று இந்தப் பக்கம் சொல்லப்படும் கதையை எல்லோரும் கேட்டிருப்போம்.

இரண்டாவது மெதுவான அழிவு. மேலே ஈயச் சுரங்கங்களும் வெட்டிய காடும் மணலை ஆற்றுக்குள் தள்ளின. ஆற்றின் அடித்தளம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. தண்ணீருக்கு இடமில்லாமல் ஊர் அடிக்கடி மூழ்கியது. 1926 வெள்ளம் நாடு முழுவதையும் உலுக்கிய ஒன்று. கடைசியில் பட்டணத்தையே மேட்டுக்கு மாற்றினார்கள். நகரத் திட்டமிடுநர் சார்ல்ஸ் ரீட் வகுத்த தோட்ட நகரத் திட்டத்தில், 1930களின் தொடக்கத்தில் எழுந்ததுதான் இன்றைய கோல குபு பாரு. கடைவரிசை ஒரு பக்கம், பசுந்திடல் நடுவில், அலுவலகங்கள் இன்னொரு பக்கம் என்று அது மற்ற மலேசியப் பட்டணங்களைப் போல் இல்லாமல் விசாலமாக இருப்பதற்குக் காரணம் இது.

முதல் அழிவுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. இரண்டாவதற்குப் பல பத்தாண்டுகள். இரண்டுமே மேலே நடந்ததற்குக் கீழே கொடுத்த விலை.

தோட்டங்கள் ஏன் மலையடியில் நின்றுவிட்டன?

மலையடியில் கருங்கல் சிதைந்து உண்டான மண் ஆழமாகவும் நீர் வடியக்கூடியதாகவும் இருக்கும். மண்ணியலாளர்கள் ரெங்காம் வகை என்பார்கள். மெல்லிய மேடு பள்ளம், நல்ல மழை: பால்மரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? பிறகு செம்பனைக்கும் அதே நிலம் ஒத்துவந்தது. சரிவு கூடக்கூட மண் மெலியும், வெட்டியதும் கழுவிப் போய்விடும், பால் வாளியோடு ஏறி இறங்குவதும் முடியாது. ஆக, கித்தா என்கிற பால்மரம் எங்கே முடிகிறதோ ஏறத்தாழ அங்கேதான் கருங்கல் மலையின் செங்குத்து தொடங்குகிறது. நம் தாத்தா பாட்டிமார் வேலை செய்த எல்லைக்கோடு நிலவியலே போட்ட கோடு.

காட்டில் என்ன இருக்கிறது? புலி வருமா?

ஆற்றோரத்தில் மூங்கிலும் காட்டு வாழையும். மேலே மலை டிப்டெரோகார்ப் காடு, அதாவது அந்தக் குடும்பத்து உயர மரங்கள் நிறைந்த காடு. முகடுகளில் சாம்பல் கலந்த நீலநிறத் தலையோடு நிற்கும் செராயா மரங்களைச் சாலையிலிருந்தே அடையாளம் காணலாம். கேப் பக்கத்துச் செமாங்கோக் காட்டில் இந்த மரத்தை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் மரம் குள்ளமாகி, பாசி கூடி, ஓக் இன மரங்கள் வரத் தொடங்கும்.

காலையில் சியாமாங் குரங்கின் கூவல் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும். இருவாச்சி பறக்கும்போது சிறகுச் சத்தமே தனி. ஈர மணலில் கறுப்பும் பச்சையுமான ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தால் அசையாமல் நின்று பாருங்கள்.

புலியைப் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நாடு முழுவதிலுமே காட்டில் 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. அட்டை மட்டும் நிச்சயம் வரும். உப்பு, புகையிலைத் தண்ணீர், எதுவானாலும் காலுறையில் தடவிக்கொள்ளுங்கள். ஆற்றில் கழுவி விடாதீர்கள்.

கெலா மீன் பிடிக்கலாமா?

கூடாது. சிலிங் ஆறு மீன் புகலிடம். கெலாவும் தெங்காஸும் குளிர்ந்த, தெளிந்த, காற்று கலந்த ஓடும் நீரில்தான் பெருகும். கரை மரங்களிலிருந்து விழும் பழமும் விதையும்கூட அவற்றுக்கு உணவு. வளர்ச்சி மெது, பெரிய மீன் ஒன்றைப் பிடித்தால் பல ஆண்டு வளர்ச்சி போய்விட்டது. கீழே நம் பக்கத்து ஆறுகளில் வண்டல் கூடி இந்த மீன்கள் அரிதாகிவிட்டன. தண்ணீருக்குள் நின்றால் அவை காலைச் சுற்றி வரும், பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். ரொட்டியும் முறுக்கும் போட வேண்டாம்.

புகலிடம் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, சில காலம் மூடியும் வைக்கிறார்கள். போவதற்கு முன் மீன்வளத் துறையிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மூடியிருந்தால் வேலியைச் சுற்றிப் போகாதீர்கள்.

அங்கே வாழும் பூர்வகுடியினர் யார்?

தெமுவான் மக்கள். தீபகற்பத்தில் அரசு அங்கீகரித்த 18 ஓராங் அஸ்லி இனக்குழுக்களில் ஒன்று. அணை கட்டியபோது கெராச்சி, பெர்த்தாக் கிராமங்கள் இடம் மாற்றப்பட்டன. அவர்களின் பழமரங்களும் மூதாதையர் புதைகுழிகள் இருந்த நிலமும் போயின. தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்யச் சொன்ன நாளை அறிந்த நமக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

அவர்களிடம் ஒரு பெருவெள்ளக் கதை உண்டு: தவறுகளுக்குத் தண்டனையாகப் புயலும் வெள்ளமும் வந்தபோது, சிலாங்கூர், பகாங் எல்லையிலுள்ள ராஜா மலையில் அகில் மரத்தில் ஏறியவர்கள் மட்டும் பிழைத்தார்கள் என்று. இந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வெள்ளத்தையும் உயரத்தையும் சேர்த்து நினைத்திருக்கிறார்கள். வழித்துணைக்கு அவர்களில் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், நியாயமான சம்பளம் கொடுங்கள். ஆற்றை அவர்களைப் போல் பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஹை கமிஷனர் கர்னி கொல்லப்பட்டது இதே சாலையிலா?

ஆமாம். 1951 அக்டோபர் 6ஆம் தேதி, கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில், பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கேப்புக்குச் சற்று முன்னால் பதுங்கியிருந்த கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே வளைவு: சாலையைப் பார்த்தாலே ஏன் அந்த இடம் என்று புரியும்.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

வேண்டாம். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். காட்டு எலி, பன்றி இவற்றின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். தோலில் உள்ள சிறு காயம் வழியாகவே கிருமி நுழையும். மிச்ச உணவைக் கரையில் விட்டால் எலி பெருகும், அடுத்து வருபவருக்குத்தான் கேடு. ஆற்றுக்குப் போய் வந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் ‘ஆற்றில் குளித்தேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு நாளைக் கடத்த வேண்டாம்.

இரவு கூடாரம் போட்டுத் தங்கலாமா?

நான் வேண்டாம் என்றே சொல்வேன். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியிலிருந்து கெந்திங் போகும் சாலையோர முகாமில் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள். சரிந்த நேரத்தில் அங்கே பெருமழை இல்லை. முந்தைய நாட்களின் தொடர்மழை மண்ணுக்குள் ஊறியதே முக்கியக் காரணம் என்று அரசின் விசாரணை அறிக்கை சொன்னது. நம் மலையும் அதே மலைதான், அதே சிதைந்த கருங்கல் மண். அனுமதி பெற்ற இடமா என்று பார்ப்பது முதல் வேலை. சரிவின் அடியிலும் ஆற்று மணல்திட்டிலும் கூடாரம் கூடவே கூடாது. மணல்திட்டு என்பது சென்ற வெள்ளம் வந்துபோன இடம்.

தோட்டத்துப் பிள்ளைகளைக் குழுவாக அழைத்துப் போக என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பத்துப் பிள்ளைக்கு இரண்டு பெரியவராவது வேண்டும். ஒருவர் தண்ணீரில் இறங்காமல் மேற்பக்கம் சற்றுத் தள்ளி நின்று ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கையில் விசிலோடு. அவருக்குச் சமையல் வேலை, படம் எடுக்கும் வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விசில் கேட்டால் எந்த மேட்டுக்கு ஏற வேண்டும் என்று குளிப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் காட்டி, ஒருமுறை ஏறவும் வைத்துவிடுங்கள். உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் லுபோக்கில் யாரும் இறங்கக் கூடாது.

காலை ஏழு மணிக்குக் கெர்லிங்கிலிருந்து கிளம்பினால் ஒன்பது மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கிவிடலாம். பதினொன்றரைக்குக் குளியலை முடித்து, ஒரு மணிக்குள் எல்லோரும் கடைசிக் கடவைத் தாண்டி வண்டி நிற்கும் பக்கம் வந்துவிடுங்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகாமல் வண்டியிலேயே வைத்துவிட்டால், பசியே பிள்ளைகளை நேரத்துக்குத் திரும்பி நடக்க வைக்கும்.